எலும்பு பிடிக்கும் காலம்

ஜூலை 6

காலையில் குளியலறையில் விழுந்தேன். மேல்வரிசை முன்பற்களில் மூன்று போயின. ஒன்று வாஷ்பேசினில் கிடந்தது. ஒன்று வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். மூன்றாவது மத்தியானம் பெருக்கும்போது சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடைத்தது. குளியலறையிலிருந்து சாப்பாட்டு மேசை வரை ஒரு பல் எப்படி நடந்து வந்தது என்பது ஆராய்ச்சிக்கு உரிய பொருள். நான் ஆராயவில்லை.

விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என் வீட்டுக்காரரின் அறுபதாம் கல்யாண அழைப்பிதழின் மாதிரிப் பிரதி அச்சகத்திலிருந்து வந்திருந்தது. தண்டபாணி என்ற பெயருக்குப் பின்னால் பி.இ., ஓய்வுபெற்ற பொறியாளர், தியான மன்றத் தலைவர் என்று மூன்று வரி. வசந்தாமணி என்ற என் பெயருக்குப் பின்னால் முற்றுப்புள்ளி. நூலகர் என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமே என்றேன். பிறகு குளியலறைக்குப் போனேன், விழுந்தேன்.

அவரேதான் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "பாத்து நடக்கோணும் வசந்தா," என்றார். மெல்லிய குரல். அவர் குரல் உயர்ந்து பொள்ளாச்சியில் யாரும் கேட்டதில்லை. உயராது, தணியும். ஓர் அளவுக்குக் கீழே தணிந்தால் நான் அடுப்பை அணைத்துவிடுவேன். இன்று அழைப்பிதழைப் படித்துக்கொண்டிருந்ததில் கவனிக்கத் தவறிவிட்டேன்.

ஜூலை 7

டாக்டர் ஷர்மிளா பானுவிடம் போனோம். இந்தப் பெண் பல் மருத்துவத்துக்குப் படித்தபோது விடுமுறையெல்லாம் எங்கள் நூலகத்தில்தான் இருப்பாள். மின்விசிறிக்குக் கீழே உள்ள மேசையைப் பிடிக்கக் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பாள். இன்றைக்கும் என்னை மேடம் என்கிறாள். வீட்டுக்காரர் வெளியே நாற்காலியில் முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். வரவேற்பறைப் பெண் அவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எப்படீங்க மேடம் விழுந்தீங்க?"

"வழுக்கி."

"கையக் காட்டுங்க." உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "முட்டி?"

"பல்லுக்குத்தானே வந்திருக்கேன்?"

"விழறவங்க கைய ஊணுவாங்க மேடம். கை சிராய்க்கும், தாடை சிராய்க்கும். உங்களுக்கு உதடு மட்டுந்தான் கிழிஞ்சிருக்கு. அதுவும் உள்பக்கமா."

எனக்கு எப்போதும் கையில் புத்தகம் இருக்கும், ஊன்ற முடியாது என்றேன். அவள் சிரிக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தாள். கீழ்த்தாடையின் இடப்பக்கம் ஒரு பழைய விரிசல் தானாகவே கூடியிருக்கிறதாம். "இது எப்பங்க மேடம்?" என்றாள். அது பழைய வீட்டுக் குளியலறை என்றேன். நாங்கள் வீடு மாறியிருக்கிறோம். குளியலறை மட்டும் கூடவே வந்துவிட்டது.

ஜூலை 9

நூலகத்துக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன். புதிய நோய் ஏதாவது வந்திருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர், பொது அறிவுப் புத்தகத்தில் ஆறு பக்கம் இல்லை என்று புகார் சொன்னார். கடைசியாக எடுத்துப் போனவரைக் கேட்டால், கிழிந்தே வந்தது என்கிறார். இத்தனை வருட வேலையில் ஒரு பக்கத்தையாவது கிழித்தவரை நான் சந்தித்ததில்லை. எல்லாம் கிழிந்தே வருகின்றன.

ஜூலை 12

டாக்டர் மூன்று வழி சொல்லியிருக்கிறாள். யோசித்துச் சொல்லச் சொன்னாள். நூலகர் என்ற முறையில் வகைப்படுத்தி வைக்கிறேன்.

முதலாவது, கழற்றி மாட்டும் செட். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு தகடு, அதில் மூன்று பல். தூங்கும்போது கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். பழகும்வரை பேச்சு குழறும்.

இரண்டாவது, பிரிட்ஜ். இதற்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் பற்களை நாலாபுறமும் அரைத்துச் சிறிதாக்கி, அவற்றின் தலையில் இல்லாதவற்றின் பாரத்தையும் ஏற்ற வேண்டும். வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது. குடும்பம் என்ற ஏற்பாட்டை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. "ஆனா ஒண்ணுங்க மேடம், அதுல ஒரு அடி பட்டுச்சுன்னா தாங்கற பல்லும் சேந்து போயிரும்," என்றாள். விழுந்தால் என்று சொல்லவில்லை. அடி பட்டால் என்றாள்.

மூன்றாவது, எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பல் கட்டுவது. இம்பிளான்ட். யாரையும் அரைக்க வேண்டாம், யார் தலையிலும் ஏற வேண்டாம், தன் காலில் தானே நிற்கும். ஆனால் திருகை எலும்பு பிடிக்க ஆறு மாதம் ஆகும். அதுவரை அந்த இடத்தில் ஒன்றும் படக் கூடாது.

வீட்டுக்காரருக்கு பிரிட்ஜ்தான் பிடித்திருக்கிறது. ஆகஸ்ட் 28 முகூர்த்தத்துக்குள் முடிந்துவிடும். படத்தில் நன்றாக இருக்கும்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பதால் என் வாய்க்கும் ஒரு மாதம் விடுமுறை. டாக்டருக்கும் அது வசதிதான். ஈறு ஆறட்டும், அதுவரை இருக்கட்டும் என்று ஒரு தற்காலிக செட் செய்து கொடுத்திருக்கிறாள். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். யாரோ வேறொருத்தியின் சிரிப்பு. நல்ல குடும்பத்துப் பெண் போலிருந்தது.

ஜூலை 20

ஆனைமலையிலிருந்து பாவாத்தாள் வந்தாள். வீட்டுக்காரரின் தங்கை. பூவன்பழம் ஒரு சீப்பு. அவர் தியான மன்றத்தில் இருந்தார். கோபத்தை வெல்வது பற்றி ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார், நல்ல கூட்டம் வரும்.

"பல்லு போனவங்களுக்குப் பழந்தானுங்க அண்ணி," என்று உட்கார்ந்தவள், என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். மாட்டுச் சந்தையில் பார்ப்பதைப்போல ஈறுவரை பார்த்தாள். "நீங்க எதுக்கு மத்தத எல்லாம் யோசிக்கறீங்க? பேசாம செட்டே வெச்சுக்குங்க. என்னுது மேல்வரிசை முச்சூடும் செட்டுதான். ஒருக்காதான் உடைஞ்சுது. அதுக்கப்பறம் சூட்சுமம் கண்டுபுடிச்சுட்டேன்."

"என்ன சூட்சுமம்?"

"எங்க வீட்டுக்காரங்க புல்லட்டுச் சத்தம் தெருமுக்குல கேக்கும்ல? கேட்டதீம் கழட்டி டம்ளர்ல போட்டு ஃப்ரிட்ஜு மேல வெச்சுருவேன். அப்பறம் மொகத்தப் பாப்பேன். நல்லாயிருந்தா எடுத்து மாட்டிக்கறது. இல்லீன்னா அது பாட்டுக்கு மேலயே இருக்கும். பிரிட்ஜெல்லாம் போட்டீங்கன்னா அவசரத்துக்குக் கழட்ட முடியாதுல்லீங்க?"

கறிவேப்பிலையை வாடாமல் வைக்கும் வழியைச் சொல்வதுபோலச் சொன்னாள். மூன்று வழிகளையும் ஒப்பிட்டு நான் இதுவரை கேட்டவற்றில் இதுவே நிறைவான ஆய்வு. டாக்டரிடம்கூட இந்தத் தகவல் இல்லை.

"ஏனுங்க அண்ணி," என்றாள் பழத்தை உரித்துக்கொண்டே, "உங்களுக்கு ஒரு கஷ்டம் இருக்குது. அண்ணன் நடந்துல்ல வர்றாங்க. சத்தமே இருக்காதே."

கேட் கிறீச்சிடும் என்றேன். அப்போ சரி என்றாள். அண்ணன் வந்ததும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்கண்ணா, கண்ணாலப் புதுமாப்ள!" என்று சிரித்தாள். மேல்வரிசை பளிச்சென்று இருந்தது.

ஜூலை 24

கேட் கிறீச்சிடவில்லை. வீட்டுக்காரர் எண்ணெய் போட்டுவிட்டாராம். விசேஷ வீடு, நாலு பேர் வந்து போவார்கள் என்றார்.

ஜூலை 30

அழைப்பிதழ் வந்துவிட்டது. நல்ல அச்சு. என் பெயருக்குப் பின்னால் முற்றுப்புள்ளியும் இல்லை.

ஆகஸ்ட் 3

கோவையிலிருந்து யாழினி போன் செய்தாள். எங்கள் ஒரே மகள்; அங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள், தனியாக ஃபிளாட் எடுத்திருக்கிறாள். என்ன பல் கட்டுவது என்று முடிவாயிற்றா என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு பிரிட்ஜ் புடிச்சிருக்குதாம்."

"பல்லு யாருக்கும்மா?"

நியாயமான கேள்வி. நான் கறி தீய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சாயங்காலம் நூலகத்திலிருந்து வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து, "காப்பியா?" என்று கேட்டார். "ஆமாங்க," என்றேன். குழறியது. கையைப் பார்த்தேன். செட் என் கையில் இருந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

அவரும் பார்த்தார். "பரவால்லயே, நல்லாப் பழகிட்டே," என்றார். காப்பி நன்றாக இருந்ததாம்.

ஆகஸ்ட் 11

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன், தனியாக. மூன்றாவது வழி என்றேன்.

"ஆறு மாசம் மேடம்," என்றாள். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா? எலும்பு பிடிக்கற வரைக்கும் அது அசையக் கூடாது. வீட்டுல…" என்று நிறுத்தினாள்.

வீட்டில் முடியாது என்பது எனக்கும் தெரியும் என்றேன். இந்த வாக்கியத்தைச் சொன்னபிறகுதான் நானே கேட்டேன். டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பத்தொன்பதாம் தேதி, ஆவணி பிறந்துவிடும் என்றாள். ஆவணி பிறப்பதைப் பற்றி ஒரு ஷர்மிளா பானு எனக்காகக் கவலைப்பட்டது இதமாக இருந்தது.

ஆகஸ்ட் 13

வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. வரவேற்பறைப் பெண் தியான மன்றத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். அவர் கோபப்படவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். போகும்போது மல்லிகைப்பூ வாங்கித் தந்தார்.

"டாக்டர், அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. புத்தகத்துலயே இருந்து பழகிட்டா. முகூர்த்தத்துக்கு நாள் இல்ல, நீங்க பிரிட்ஜே போட்டுருங்க," என்றார்.

"மேடம் சொல்லட்டுங்க சார்."

"நாந்தான் சொல்றனே."

"வாய் அவங்களுதுங்க சார்."

அவர் சிரித்தார். அழகான பல்வரிசை அவருக்கு, ஒன்றுகூட விழுந்ததில்லை. நான் கூரையைப் பார்த்து, "இம்பிளான்ட்," என்றேன். கூரையில் பல்லி இருந்தது. அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பறம் ஒண்ணுங்க சார்," என்றாள் டாக்டர், அவரை நேராகப் பார்த்து. "திருகு போட்டதுக்கப்பறம் ஆறு மாசத்துக்கு அந்த இடத்துல சின்னத் தட்டுகூடப் படக் கூடாது. பட்டா எனக்குத் தெரிஞ்சுரும். எக்ஸ்ரேல எல்லாந் தெரியும்."

"வீட்டுல யாருங்க தட்டப் போறாங்க?" என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது. டாக்டர், "என்னங்க சார்? கேக்கல," என்றாள். அவர் மறுபடி சொல்லவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் குளியலறையில் புது ரப்பர் மிதியடி போட்டிருப்பதைக் காட்டினார். "இனி வழுக்காது," என்றார். "எதுக்கும் நீ பாத்தே இரு."

ஆகஸ்ட் 14

வலது கை மணிக்கட்டு வீக்கம். குளியலறையில் மிதியடி இருப்பதால் இதற்கு வேறு இடம் யோசிக்க வேண்டும். நூலகப் படிக்கட்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 18

யாழினி வந்துவிட்டாள். நாளை அம்மாவுடன் நான் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் மண்டபத்துச் சமையல்காரரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. சரி என்றார்.

ஆகஸ்ட் 19

வலி இல்லை, சத்தம்தான். எலும்புக்குள் திருகு இறங்கும் சத்தம் காதுவழி வருவதில்லை, மண்டைக்குள்ளேயே பிறக்கிறது. மூன்று பல்லுக்கு இரண்டு திருகு போதுமாம். "நல்ல எலும்புங்க மேடம்," என்றாள் டாக்டர். என்னைப் பற்றி ஒருவர் சொன்ன நல்ல வார்த்தைகளில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

வெளியே வந்து பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். யாழினி என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நூலகப் படிக்கட்டு என்று காட்ட முயன்றேன். வாய் மரத்திருந்ததால் கையை மாடிப்படிபோல் அசைத்தேன்.

"வேண்டாம்மா," என்றாள். "சின்ன வயசுல நான் டிவி சத்தத்தக் கூட்டி வெப்பேனே, ஞாபகம் இருக்கா? நீ வந்து திட்டுவ, காது செவிடாயிரும்னு."

ஞாபகம் இருந்தது. அந்தப் பாட்டு நிகழ்ச்சி அவளுக்கு அவ்வளவு பிடிக்கும் என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பஞ்சு வாயில் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

பேருந்து நிலையம் வந்தது. எங்கள் வீட்டுக்கு அங்கிருந்து தெற்கே போக வேண்டும். யாழினி கோவை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் எனக்கு இடம் போட்டாள். என் கைப்பையில் டாக்டர் தந்த மாத்திரையும் மாற்றுச் சேலை ஒன்றும் இருந்தன. ஒரு பல் சிகிச்சைக்கு மாற்றுச் சேலை எதற்கு என்று நானும் காலையில் என்னைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21

கஞ்சி. பால். ஆறின ரசம். வீட்டுக்காரர் யாழினிக்குப் போன் செய்து அழுதாராம். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லையாம்.

ஆகஸ்ட் 24

பாவாத்தாள் பேசினாள். "ஏனுங்க அண்ணி இப்பிடிப் பண்ணிட்டீங்க? பத்திரிகை குடுத்த சனம் பூராம் கேக்குது. ஒரு நாளு மணவறைல வந்து உக்காந்துட்டுப் போயிருங்க. தாலி கட்டற நேரந்தான். அண்ணன் பாவம், எளச்சுப் போயிட்டாங்க."

"பாவாத்தா, ஃப்ரிட்ஜ் மேலே இருக்கா, வாயில இருக்கா?" என்று கேட்டேன்.

"ஃப்ரிட்ஜு மேலதானுங்க," என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 28

முகூர்த்தம் ஒன்பதுக்கு என்று அழைப்பிதழ் சொல்கிறது. ஏழரைக்கு அழைப்பு மணி அடித்தது.

பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் ஒரு பை. பையில் எனக்கு எடுத்த கூறைப்புடவை. யாழினி கதவின் உள்சங்கிலியை எடுக்காமலே கொஞ்சம் திறந்தாள். எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடியோடு நின்று, "அப்பாங்களா? வாங்க, வாங்க," என்றார். அவரைப் பார்க்கிற எல்லோருக்கும் அப்படிச் சொல்லத் தோன்றும்.

"கார் கீழ நிக்குது வசந்தா. ஒண்ணரை மணி நேரத்துல போயிரலாம்."

நான் கதவுக்கு வந்தேன். செட் மாட்டியிருக்கவில்லை. வாயை நன்றாகத் திறந்துதான் சொன்னேன்: "நான் வரலீங்க."

"எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

"நான் கல்யாணம் பண்ணிக்கறதா இல்லீங்க."

முதல் தடவை இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடியைக் கீழே வைத்தார்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பையைச் சங்கிலி இடுக்கின் வழியே உள்ளே நீட்டினார். யாழினி வாங்கவில்லை. வாசலிலேயே வைத்தார். பிறகு கதவருகே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, இதுவரை இல்லாத அளவுக்குத் தணிந்த குரலில் சொன்னார்:

"எலும்பு பிடிக்க ஆறு மாசம்னுதான டாக்டர் சொன்னாங்க? சரி. நல்லாப் பிடிக்கட்டும். நான் காத்திருக்கறேன்."

எதிர்வீட்டு அம்மாளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுசர் என்றார் அந்த அம்மாள். அப்புறம் என் வாயைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 29

பொள்ளாச்சி மகளிர் காவல் நிலையம். யாழினி கூட வந்தாள். நடந்ததைச் சொன்னேன், சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்து. இங்கே அதை எழுதவில்லை, அங்கே எழுதிக்கொண்டார்கள். அவரை வரவழைத்து விசாரிப்பார்களாம். எழுதிக்கொண்ட பெண் நிமிர்ந்து, "சாருங்களா? போன மாசந்தான் எங்களுக்கெல்லாம் மன அமைதி பத்தி வகுப்பு எடுத்தாரு," என்றாள். யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தப் பெண்ணிடம், வகுப்பு எப்படி இருந்தது என்று விசாரித்தேன்.

செப்டம்பர் 1

இடமாறுதலுக்கு விண்ணப்பம். பூட்டு மாற்றினோம். தெருமுனை டீக்கடையில் அவர் நடைப்பயிற்சி உடையில் நின்றிருந்ததாக யாழினி சொன்னாள். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு நடந்து வருமளவுக்கு அவருக்கு உடம்பில் தெம்பு இருப்பது உண்மைதான்.

செப்டம்பர் 2

தையல் பிரிக்கப் பொள்ளாச்சிக்குப் போனோம், போகும்போதும் வரும்போதும் வேறு வேறு பஸ்ஸில். வரவேற்பறையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கின் முன் பிடித்துக் காட்டினாள். இரண்டு வெள்ளைத் திருகுகள். அசையவில்லை.

"பிப்ரவரி கடைசில பல்லு கட்டிரலாங்க மேடம்."

அதே மாதத்தை இன்னொருவரும் குறித்து வைத்திருக்கிறார் என்று சொன்னேன். என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன். டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைக்கவில்லை.

"கட்டினதுக்கு அப்புறம் நான் என்ன ஜாக்கிரதையா இருக்கணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாங்க மேடம். அதுக்கப்பறம் நீங்க எத வேணும்னாலும் கடிக்கலாம்."

எதை வேண்டுமானாலுமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.